போ என்றால் மாடு

மூடியைத் திறந்து பெட்டியை என் பக்கம் தள்ளினார் லான் அக்கா. நான் அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன்.

ஆக்லாந்தின் விரி என்ற பகுதியில் நான் வேலை செய்த மரக்கறித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை அது. காலைத் தேத்தண்ணி இடைவேளை. கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பியிருந்த ஜனவரி. இந்த நாட்டில் அது கோடை; வெளியே வெயில் கொளுத்தியது. ஆனால் குளிர் அறையில் நின்று முட்டைக்கோவா வெட்டிவிட்டு வந்த எங்கள் விரல்கள் இன்னும் வெளிறித்தான் இருந்தன.

பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் வெள்ளை வட்டங்கள். தேன்கூடு மாதிரித் துளை விழுந்த, ஆவியில் அவித்த பலகாரம். தேங்காய்ப்பால் மணம் மேசை முழுக்கப் பரவியது.

"வேண்டாம்," என்றேன்.

"ஏன், சுகமில்லையோ?"

"இனிமேல் எனக்குக் கொண்டுவர வேண்டாம்."

பக்கத்தில் இருந்த இரண்டு சமோவாப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். லான் அக்கா மூடியை அழுத்தி மூடினார். ஒரு மூலை ஏறி நின்றது. அதையும் அழுத்தினார். பிறகு பெட்டியை எடுத்து மடியில் வைத்து, இடைவேளை முடியும்வரை இரண்டு கைகளையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

சீ என்றால் அக்கா

லான் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வியட்நாமில் இருந்து படகில் தப்பி, மலேசிய முகாமில் கிடந்து, ஆக்லாந்துக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. கணவர் பிரிந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஓட்டாஹுஹுவில் ஓர் அரசாங்க வீட்டில் மை என்ற மகளோடு இருந்தார்.

நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் ஆசிரியை. இங்கே வந்தபோது அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. கிடைத்தது ரப்பர் பூட்ஸும் தலையில் மாட்டும் வலையும்தான். முதல் நாள் கோவாவைப் பிடிக்கத் தெரியாமல் நான் திணறியபோது, பக்கத்தில் நின்ற மெலிந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக் கத்தியின் கோணத்தைத் திருப்பிவிட்டார். அவர்தான் லான்.

"சீ லான் எண்டு கூப்பிடு," என்றார். அவர்கள் பாஷையில் அக்காவுக்குச் சீ என்று சொல்வார்களாம்.

எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு நல்ல மனுசியைப் பார்த்து ஒவ்வொரு நாளும் 'சீ' என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் அது எதற்குப் பயன்படும் சொல் என்று விளக்கினேன். அவர் குளிர் அறை எதிரொலிக்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு லான் அக்கா. நான் அவருக்கு 'எம்', அதாவது தங்கச்சி.

எங்களுக்குள் ஓடியது உடைந்த ஆங்கிலம். வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது. நேற்றும் நாளையும் கையைக் காட்டித்தான். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவரை என் ஊர் ஆட்கள் போலப் பேச வைப்பது பிழையாகவும் இருக்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பாணும் பானும்

அந்தப் பலகாரத்தின் பெயர் பான் போ. அந்த 'போ'வைத் தமிழில் எழுதும்போது நம்முடைய 'போ' மாதிரித்தான் இருக்கும். உச்சரிக்கும்போது பந்தின் 'ப' அல்ல, 'அம்பு'வில் வரும் 'பு'வின் கனத்த ஒலி. குரலைச் சற்றுத் தாழ்த்தி, கீழே இறக்கிச் சொல்ல வேண்டும்.

முதல் சொல்லில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கடை ரொட்டியைப் பாண் என்கிறோம். அது போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல். வியட்நாமை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர். அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே, எங்களுக்குப் பாண் தந்த மாதிரி உங்களுக்கும் வெள்ளைக்காரன் தந்த சொல் இது என்று கோவா வெட்டியபடி ஒரு சின்ன விரிவுரையே செய்தேன். ஆசிரியைப் புத்தி.

லான் அக்கா தலையை ஆட்டினார். "இல்லை எம். வெள்ளைக்காரன் வர முன்னமே எங்களிட்ட பான் இருந்தது. அரிசிமாவில செய்யிறது பான். கோதுமையில செய்யிறதும் பான். அவிச்சாலும் பான், பொரிச்சாலும் பான். சீனனிட்ட இருந்து வந்த சொல் எண்டு எங்கட வாத்தியார் சொல்லுவார்."

எங்கள் 'பலகாரம்' போல ஒரு பொதுச்சொல். பெயர் முழுவதும் அதற்குப் பின்னால் வரும் சொல்லில்தான் இருக்கிறது.

"அப்ப போ எண்டால் என்ன?"

கேட்ட நேரம் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். பேச்சு நின்றது. அந்தக் கேள்வி பல மாதங்கள் என்னிடமே கிடந்தது.

ஒன்றைக் கவனித்திருந்தேன். அந்தப் பெட்டி கண்ட நாளில் வராது. பௌர்ணமிப் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் மறுநாள்தான் வரும். லான் அக்காவும் எங்களைப் போல நிலவைப் பார்த்து விரதம் இருப்பவர். வீட்டுப் பூசைத் தட்டில் படைத்துவிட்டு, மீதியைத்தான் கொண்டுவருவார்.

மாமி சாப்பிட்ட ஒன்று

அந்த ஜனவரிக்கு முந்திய வருஷம்தான் கணவரின் தாயார், என் மாமி, எங்களிடம் வந்து சேர்ந்தார். இடம்பெயர்ந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்காக விசாவுக்குக் காத்திருந்து வந்தவர். மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைக் கதிரையில் இருந்து, மழை பெய்யும் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. சான்ட்ரிங்ஹாமில் உள்ள இந்தியக் கடைகளில் தேடி வாங்கி எதைச் சமைத்தாலும் இரண்டு வாய்தான்.

அப்பம் சுட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். இந்தக் குளிரில் மா புளிக்கவில்லை. இரண்டு தரம் கொட்டினேன். லான் அக்காதான் வழி சொன்னார்: "சுடுதண்ணிச் சிலிண்டர் இருக்கிற அலுமாரிக்குள்ள வை." அப்படியும் எனக்குச் சரிவரவில்லை. மறுநாளே அவர் மாமிக்கென்று தனியாக ஒரு பெட்டி கொண்டுவந்தார்.

மாமி ஒரு துண்டைப் பிய்த்துத் துளைகளைப் பார்த்தார். மணந்தார். வாயில் போட்டார்.

"அப்பம்தான். ஆனா கரை இல்லை," என்றார். பிறகு, "என்ர பல்லுக்கு இது நல்லது பிள்ளை. ஆர் தந்தது?"

"வேலையில ஒரு அக்கா."

"கை நல்ல கை."

அன்று நான்கு துண்டு சாப்பிட்டார். அதன்பிறகு பறுவம் எப்போது என்று நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார். ஒருமுறை சுவாமிப் படத்தின் முன்னாலும் ஒரு துண்டை வைத்துக் கும்பிட்டதைக் கண்டேன். மாமி தீவிர சைவம். முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தனியாக வைக்கச் சொல்பவர்.

டிசம்பரில் தொழிற்சாலை முற்றத்தில் ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு விருந்து. தகரக் கூரையின் கீழ் சொசேஜ் வாட்டினார்கள். நான் பாணும் வெங்காயமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அங்கேதான் லான் அக்காவின் மகள் மையைப் பார்த்தேன். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தாய் வியட்நாமியத்தில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிடந்த கேள்வியை அவளிடம் கேட்டேன். "பான் போ எண்டால் என்ன கருத்து?"

அவள் தோளைக் குலுக்கினாள். "போ எண்டால் மாடு. மாட்டு இறைச்சிக்கும் அதுதான் சொல். மாட்டுக் கேக் போல ஏதோ ஒண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தபடி சிநேகிதியிடம் ஓடிவிட்டாள்.

கையில் இருந்த பாணை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

கேட்காத கேள்வி

லான் அக்கா ஐம்பது அடி தூரத்தில்தான் நின்றார். போய் 'இதில் மாடு இருக்கிறதா' என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கொழுப்பில் செய்திருப்பாரோ, எலும்புத் தண்ணீரில் மா கரைத்திருப்பாரோ என்று என் மனமே ஒவ்வொன்றாகச் சமைத்துக்கொண்டது. மாமிக்கு ஊட்டினேன். சுவாமிக்கு வைக்க விட்டேன். கோபம் முதலில் என் மேல்தான் வந்தது. பிறகு, எனக்குத் தெரியாமலே, அது லான் அக்காவின் மேல் திரும்பிவிட்டது. நான் சைவம் என்று தெரிந்தும் தந்தாரே என்று.

அதன் பிறகுதான் அந்த ஜனவரி இடைவேளையும், நான் தள்ளிய பெட்டியும்.

ஒரு வாரத்தில் லான் அக்கா கரட் கழுவும் பகுதிக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார். கொட்டகையின் மறுகோடி. இடையில் இரண்டு இயந்திரம். தூரத்தில் அவருடைய மஞ்சள் ஏப்ரன் தெரியும். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது நான் குனிந்துகொள்வேன்.

வீட்டில் மாமி கேட்டார்: "பறுவம் போயிட்டுதே பிள்ளை. அந்த மெத்தென்ற அப்பம் வரேல்லையோ?"

"அந்த மனுசி வேலையை விட்டிட்டா மாமி."

"எங்க போனவா?"

"தெரியாது."

மாமி தலையாட்டினார். அடுத்த பறுவத்துக்கும் கேட்டார், மறந்துவிட்டு. அதற்கடுத்த பறுவத்துக்குக் கேட்கவில்லை. மறுபடியும் இரண்டு வாய்ச் சோறு. மே மாதம் கதிரையை விட்டுக் கட்டிலுக்குப் போனார். ஜூலையில், கண்ணாடி யன்னல்கள் உள்பக்கம் நனைந்து வடிந்த ஒரு விடியலில், போய்ச் சேர்ந்துவிட்டார். வயதும் நெஞ்சு வருத்தமும்தான் காரணம் என்று டொக்டர் சொன்னார். பொய் சொன்ன எனக்கு அது போதவில்லை.

கடையில் வாங்கியது

சடங்கு நடந்த மண்டபத்தில் எங்கள் ஆட்கள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். தேவாரம் முடிகிற நேரம் பின்கதவால் லான் அக்கா உள்ளே வந்தார். வேலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாம்பல் நிறச் சட்டை, நனைந்த தலை. இரண்டு பேருந்து மாறி வந்திருப்பார்.

முன்னே வரவில்லை. சுவரோடு நின்று, கை கூப்பி, மூன்று முறை குனிந்தார். பிறகு என்னிடம் வந்து ஒரு பையை நீட்டினார். ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள்.

"கடையில வாங்கினது," என்றார். "நான் செய்யேல்லை. நான் கழுவவும் இல்லை."

நான் வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

நான் கழுவவும் இல்லை. மாமிக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் பயந்தது பலகாரத்துக்குள் இருந்ததைப் பற்றி. அவர் பேசியதோ தன் கையைப் பற்றி. அவருடைய கை தீட்டு என்று நான் ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாமில் பேருந்து ஏறி நகர நூலகத்துக்குப் போனேன். தடித்த வியட்நாமிய அகராதி ஒன்று இருந்தது. பக்கங்களைப் புரட்டிக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம். எழுத்தின் மேலும் கீழும் அவ்வளவு குறிகள்.

போ: மாடு. மை சொன்னது சரிதான்.

அதற்குக் கீழே, அதே எழுத்து, அதே குறி. போ: ஊர்தல்.

ஒரு மொழி ஆசிரியை, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊர்தலும் தவழ்தலும்

அடுத்த நாள் ஓட்டாஹுஹுவுக்குப் போனேன். கதவைத் திறந்த லான் அக்கா என் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு உள்ளே விட்டார். அடுப்போடு ஒட்டிய மேசை, சின்னக் குசினி. கூரை மூலையில் ஈரக் கறுப்பு. அலுமாரித் தட்டில் சிறிய பூசையிடம்: தாய் தகப்பன் படம், தோடம்பழம், ஊதுபத்தி.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மை சொன்னது, மாடு என்று நான் நினைத்தது, மாமிக்குச் சொன்ன பொய், அகராதி. "கேட்டிருக்க வேணும் அக்கா. கேக்காமல் விட்டது என்ர பிழை."

அவர் ஒரு கதிரையை என் பக்கம் இழுத்துவிட்டார். "மாடோ?" என்றார். "மாடு எண்டு நினைச்சோ?"

"ஓம்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுடுதண்ணி அலுமாரியைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவந்தார். மறுநாள் பறுவம். மா நுரைத்துப் பொங்கியிருந்தது.

"காலமை இவ்வளவு." கிண்ணத்தின் நடுவில் விரல் வைத்தார். "இப்ப இங்க. பார், சுவரைப் பிடிச்சு ஊர்ந்து ஏறுது. அதுதான் போ. அரிசிமா, சீனி, தேங்காய்ப்பால், ஈஸ்ட். வேற ஒண்டும் இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டு மடி மாதிரி இருக்கிறதால வந்த பேர் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். ஆருக்குத் தெரியும்?"

பிறகு மேசையில் இரண்டு விரல்களை ஊன்றி மெல்ல நகர்த்திக் காட்டினார். "பூச்சி போறதும் போ. சின்னப் பிள்ளை போறதும் போ."

தமிழில் பூச்சி ஊரும், பிள்ளை தவழும். அவர்களுக்கு மாவுக்கும் பூச்சிக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்.

விரல்கள் மேசையின் நடுவில் நின்றன.

"நான் வேற நினைச்சன் எம்," என்றார். "ஜனவரியில எங்கட நாட்டு மனுசி ஒண்டு வேலைக்குச் சேர்ந்தது. என்னோட முகாமில இருந்தது. அது உனக்கு என்ர கதையைச் சொல்லிப்போட்டுது, அதாலதான் என்ர கையால சாப்பிட மாட்டன் எண்டிறாய் எண்டு நினைச்சன்."

"என்ன கதை?"

கேட்காமல் விட்ட கேள்விக்காக வருந்தி வந்தவள், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

அவர் கிண்ணத்தை ஒரு துணியால் மூடினார். சொன்னார். அவருக்கு மைக்கு முன்னால் ஒரு மகன் இருந்தான். ஏழு மாதம். தவழத் தொடங்கி ஒரு கிழமை. ஆற்றின் முகத்துவாரத்தில் படகின் பலகைக்குக் கீழே ஒளிந்திருந்தார்கள். வெளியே காவல் படகுகள். பிள்ளைகளுக்கு நித்திரை மருந்து கொடுக்கச் சொல்லிப் படகுக்காரன் போத்தல் ஒன்றைக் கொடுத்தான்.

"ஒரு கரண்டி எண்டு சொன்னவன். குடுத்தன். அவன் அழுறதை நிப்பாட்டேல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தினம். அதட்டேல்லை எம், சும்மா பார்த்தினம். இன்னொரு கரண்டி குடுத்தன்."

காவல் படகு கடந்து போனது. எல்லோரும் தப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் கடலில் விழித்துக்கொண்டார்கள். அவன் விழிக்கவில்லை. இரண்டு நாள் அவர் அவனை மடியில் வைத்துக்கொண்டு, நித்திரை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கணவர்தான் வாங்கிக் கடலில் விட்டார். அதைப் பற்றி அந்த மனிதர் ஒருநாளும் பேசவில்லையாம்.

"அவனுக்குப் படம் இல்லை. பல்லும் இல்லை. மெத்தென்றதுதானே வைக்கலாம்," என்றார். பூசைத் தட்டைப் பார்க்கவில்லை. "அந்தப் பேரும் இருக்குத்தானே."

அப்போதுதான் கவனித்தேன். நடைவழியில், தோளில் பையோடு, மை நின்றாள். எப்போது வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேசியது ஆங்கிலம். அவளுக்கு நன்றாகப் புரியும் மொழி.

"அம்மா, எந்த மகன்?" என்றாள்.

லான் அக்கா திரும்பவில்லை. மை என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, ஆர் அது?"

"அம்மாவைக் கேள்," என்றேன். வாசலில் கிடந்த சப்பாத்தைக் காலில் கொளுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மழை தூறியது. என் மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். இறக்கிவிட்டு, அந்த வீடு பதினைந்து வருஷம் மூடி வைத்திருந்ததைத் திறந்து போட்டு ஓடிவந்திருந்தேன்.

இரண்டு

மூன்று கிழமைக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விட்ட நேரம், மை எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். பள்ளிச் சீருடை. இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். மாமி இருந்த கதிரை. அவளுக்கு அது தெரியாது.

"அம்மா கதையைச் சொன்னவா," என்றாள். "வியட்நாமியத்தில. அழுதழுது சொன்னவா. எனக்குப் பாதிதான் விளங்கினது. திரும்பக் கேட்டால் திரும்ப அழுறா. அம்மாவுக்கு அதை இங்கிலீஷில என்னட்டச் சொல்ல விருப்பமில்லை. உங்களுக்கு இங்கிலீஷில சொன்னவாதானே?"

"ஓம்."

"சொல்லுங்கோ."

சொன்னேன். ஆறு, பலகை, காவல் படகு, போத்தல், ஒரு கரண்டி. படகுக்காரன் எல்லாத் தாய்மாருக்கும் அதைக் கொடுத்தான் என்று இரண்டு தரம் சொன்னேன். அவள் நகத்தால் பையின் பட்டியைக் கீறிக்கொண்டே கேட்டாள். அழவில்லை.

"ஒண்டு மட்டும் விளங்கேல்லை," என்றாள். "கடைசியில அம்மா ஹாய், ஹாய் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவா. ஹாய் எண்டால் ரெண்டு. அது எனக்குத் தெரியும். ஆனா என்ன ரெண்டு?"

யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையை வீதியோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாள்," என்றேன். "உன்ர அண்ணா ரெண்டு நாள் அம்மாவின்ர மடியில இருந்தவன். அம்மா விடேல்லை. அதுதான்."

மை பையின் பட்டியை விட்டாள். "ரெண்டு நாள்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "ஓகே."

தண்ணீர் கேட்டாள். குடித்தாள். நான் அவளைப் பேருந்து நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் தாயும் மகளும் சிட்னிக்குப் போய்விட்டார்கள். அங்கே லான் அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தார். வேலையில் கடைசி நாள், இயந்திரங்கள் ஓடத் தொடங்குவதற்கு முன், கரட் பகுதியில் இருந்து நடந்து என் பக்கம் வந்தார். கையுறை போட்ட கையால் என் கையுறையைப் பிடித்தார்.

"மைக்கு ரெண்டு நாள் எண்டு சொன்னியாம்."

"ஓம் அக்கா."

"அது உண்மைதான்," என்றார். பிறகு, "மற்ற ரெண்டை நான் சொல்லுவன். அவள் இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும்."

சில வருஷம் கார்ட் வந்தது. பிறகு மையிடம் இருந்து, ஆங்கிலத்தில், நான்கு வரிக் கடிதம். அம்மா போய்விட்டார், நோய் அதிக நாள் இழுக்கவில்லை, உங்களைப் பற்றி அடிக்கடி பேசுவார், நன்றி. வேறொன்றும் இல்லை. லான் அக்கா மற்றதைச் சொன்னாரா, சொல்லாமலே போனாரா என்பது அந்த நான்கு வரியில் தெரியவில்லை. பதில் எழுதினேன். அதைக் கேட்கவில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருந்தாலும் இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று பல வாரம் தயங்கினேன். தமிழில் என்பதால்தான் எழுதினேன். மைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.